மாத்திரைச் செடி அன்னாள்

விதையை முன்பல்லுக்கு நடுவில் வைத்து மெல்லக் கடித்துப் பார்க்கிறாள் அன்னாள். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரவேண்டும். வந்தால் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த கைப்பிடிக்குப் போவாள். வராவிட்டால் துப்பிவிட்டு, விதை கொண்டுவந்த ஆளை மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்து, சாந்தன்பாறைப் பக்கத்து எஸ்டேட் கணக்கப்பிள்ளைகள் பையை வேறு யார் கையிலாவது கொடுத்தனுப்பிவிட்டு டீக்கடையில் ஒளிந்துகொள்வதை நானே பார்த்திருக்கிறேன்.

போடிமெட்டுக்கு மேற்கே ஏலத் தோட்டங்களில் நாற்றங்காலுக்குத் 'தவாரணை' என்று பெயர். அன்னாள் தவாரணைக்காரி. இருபத்திரண்டு வருஷமாக அதுதான் வேலை. ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவான உயரம், முழங்கைவரை மண், கொண்டையில் எந்நேரமும் ஒரு ஈர்க்குச்சி செருகியிருக்கும். பாத்தியில் மண் எவ்வளவு ஆழம் நனைந்திருக்கிறது என்று குத்திப் பார்க்கிற குச்சி அது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்கும் அதோடுதான் வருவாள். சாமியார் ஒருமுறை கேட்டதற்கு, "பூசை முடிஞ்சு நேரா பாத்திக்குத்தான போவேன் சாமி, நடுவுல எடுப்பானேன் செருகுவானேன்?" என்றாளாம்.

நான் அங்கே தபாலாபீசில் இருந்தேன். ஆபீஸ் என்றால் ஒரு மேஜை, ஒரு பீரோ, கூரையில் நான்கு ஒழுக்கு. எனக்கும் செடி வளர்க்கிற ஆசை உண்டு, கைதான் விளங்காது. நான் நட்ட ரோஜாப் பதியன்கள் எல்லாம், ஏதோ முன்பகை தீர்ப்பதுபோல, ஒரே வாரத்தில் கருகிப் போகும். அன்னாள் வந்து பார்த்து, "ஐயா, நீங்க கடுதாசி மட்டும் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போவாள். அதனால் அவள்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவளிடம் இருக்கிற பெரிய குணம் நம்பிக்கை. திமிர் என்று சொல்கிறவர்களும் உண்டு. "முளைக்குமா?" என்று கேட்டுவிட்டால் கோபம் வந்துவிடும். "விதைதானய்யா? விதைன்னு பேரு வச்சா முளைக்கணும். முளைக்க வைக்கது எம்பாடு." இதைச் சொல்லும்போது இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றிக்கொள்வாள். எஸ்டேட் மானேஜரிடமும் இப்படித்தான் சொல்வாள். அவரும் சரி சரி என்று போய்விடுவார்.

அவள் புருஷன் சிலுவைராஜ். உயரமான, ஒல்லியான, மெதுவாகப் பேசுகிற மனிதர். ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்துகிற அடுப்புக்கு விறகு தள்ளித் தள்ளியே பதினெட்டு வருஷம் போனது. புகை அவர் நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. ஜூன் மாதம் மழை இறங்கியதும் இழுப்பும் இறங்கும். எஸ்டேட் வரிசைவீடான லயத்து அறையில் சுவரெல்லாம் பாசி பூத்திருக்க, கட்டிலில் முன்னால் குனிந்து உட்கார்ந்து, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து வாளி இழுப்பதுபோல இழுப்பார். அந்த நேரத்திலும் கிண்டல் போகாது. "ஏளா, செத்துப் போகணும்னுதான் பாக்கேன்... இந்த மழையில குழி தோண்ட எவன் வருவான்? வெயில் வரட்டும்" என்பார். அன்னாள் சிரிக்க மாட்டாள்.

1957-ல் அந்த வருஷத்து மழை முடிந்ததும், எஸ்டேட் டிஸ்பென்சரி கம்பவுண்டர் யாக்கோபு ஒரு முடிவாகச் சொல்லிவிட்டார். "அன்னாளம்மா, இன்னொரு மழைக்காலம் இவரு இந்த ஈரத்துல கெடந்தா நான் பொறுப்பில்ல. அடுத்த ஜூனுக்கு முந்தி போடிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க." போடியில் அவர்கள் மகளைக் கட்டிக்கொடுத்த வீடு இருக்கிறது. ஆனால் சிலுவைராஜ் தனியாகப் போக மாட்டார். அவள் கூடப் போனால் தவாரணை போயிற்று. "கீழ போயி நான் என்னத்த முளைக்க வைக்க? சந்துக்குள்ள முருங்கக்கொம்பா நட?" என்று என்னிடம் வந்து கத்தினாள். கண்ணில் நீர் நின்றது. அவள் கண்ணில் நான் நீர் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சிலுவைராஜுக்குக் கேட்கிற மருந்து ஒன்று உண்டு. எபிட்ரின் என்று வெள்ளை மாத்திரை. ஒன்று போட்டால் ஒரு மணி நேரத்தில் இழுப்பு தணிந்துவிடும். ஆனால் மழைக்காலத்தில்தான் மலைப்பாதையில் மண் சரியும். பாதை அடைத்தால் மாத்திரை வராது. வேண்டிய நாளில் இல்லாமல், வேண்டாத நாளில் பாட்டில் பாட்டிலாக இருக்கும். யாக்கோபு ஒருநாள் பேச்சுவாக்கில், அந்த மாத்திரைக்கு மூலம் எபிட்ரா என்று ஒரு செடி, வடக்கே பனிமலைப் பக்கம் விளைகிறது என்று சொல்லிவிட்டார். சொல்லியிருக்கக் கூடாது. அன்னாள் கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டாள்.

"செடியா? செடின்னு சொல்லுங்க! இத்தன நாளும் ஃபாக்டரியில செய்யுத சாமான்னுல்லா நெனச்சுட்டுக் கெடந்தேன்."

அன்று சாயங்காலமே என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். அவள் தம்பி கபிரியேல் பட்டாளத்தில் இருந்தான். அப்போது வடக்கே மலைப்பக்கம் பாதை போடுகிற படையில் வேலை. அவள் சொல்ல நான் எழுதினேன். "தம்பி, அந்தப் பக்கம் இழுப்புக்கு மாத்திரை செய்யுத செடி இருக்காம். விதை வேணும். பெறக்கி அனுப்பு. முளைக்க வைக்கது எம்பாடு." நலம் விசாரிக்கிற இரண்டு வரி நானாகச் சேர்த்தேன்.

நவம்பர் மாதம் ரிஜிஸ்தர் தபாலில் ஒரு சிறு துணிப்பை வந்தது. அரக்கு முத்திரையை அன்னாள் என் மேஜைமேலேயே உடைத்தாள். உள்ளே தொண்ணூற்றிரண்டு விதைகள். சீரகத்தைவிடக் கொஞ்சம் தடித்து, கறுத்து, ஒரு பக்கம் தட்டையாக, முனை கூராக இருந்தன. ஒன்றை எடுத்துக் கடித்தாள். 'டிக்'. "தொண்ணூத்தொண்ணு" என்று சிரித்தாள். கபிரியேல் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான்: 'அக்கா, இங்கத்து மிலிட்டரி ஆஸ்பத்திரிக்காரர் இதுதான் என்று காட்டினார், அனுப்பியிருக்கிறேன்.' எப்படி வளர்ப்பது என்று அவன் எழுதவில்லை. அவளுக்குப் போய் அதை யார் எழுதுவார்கள்?

ஏல விதையை எப்படி நடத்துவாளோ அப்படியே இதையும் நடத்தினாள். அடுப்புச் சாம்பலில் போட்டுப் பிசைந்து கழுவினாள், நிழலில் உலர்த்தினாள். சோலைக்குள் போய் மரத்தடியில் மக்கிய கறுப்பு மண்ணைக் கூடையில் அள்ளி வந்து, மேட்டுப்பாத்தி கட்டி, முப்பது விதையை விரல் அகலம் விட்டு ஊன்றினாள். மேலே புல் மூடாக்கு. அதற்கு மேலே காட்டுத் தழையால் பந்தல். காலையிலும் மாலையிலும் பூவாளியால் தண்ணீர். எந்த விதையையும் அவள் ஒரே தடவையில் முழுதாக விதைத்துவிட மாட்டாள். மீதி அறுபத்தொன்றும் தகர டப்பாவில் அடுப்புக்கு மேலே பரணில் ஏறின.

ஒன்பதாம் நாள் தபாலாபீஸ் கதவைத் தட்டி, "வந்து பாருங்க" என்றாள். போனேன். மூடாக்கை ஒதுக்கிக் காட்டினாள். ஊசிபோல இரண்டிரண்டு பச்சை முளை, வெங்காயம் முளைத்த மாதிரி. இருபத்தாறு. "பட்டாளத்து விதை. வரிசையா நிக்கி பாத்தியளா?" எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. சிலுவைராஜ் போர்வையைப் போர்த்திக்கொண்டு வாசல்வரை வந்து எட்டிப் பார்த்து, "இதுக்கா இத்தன பாடு? கோரைப்புல்லுல்லா இது" என்றார்.

பதினைந்தாம் நாள் ஒன்று சாய்ந்தது. மறுநாள் மூன்று. மண்ணைத் தொடுகிற இடத்தில் தண்டு நூலாக இளைத்து, மேல்பாகம் பச்சையாகவே இருக்க, அப்படியே படுத்துவிட்டது. வாடினால் தண்ணீர் போதவில்லை என்பது ஏலக்காட்டில் யாருக்கும் தெரிந்த விஷயம். ஆகவே மூன்று வேளை தண்ணீர் ஊற்றினாள். வெயில் படுகிறதோ என்று பந்தலில் இன்னொரு அடுக்குத் தழை போட்டாள். செடி சாகச் சாக அவள் ஊற்றினாள்; ஊற்ற ஊற்ற அது செத்தது. டிசம்பர் பிறக்கும்போது பாத்தியில் பாசிதான் இருந்தது.

வேறொருவராக இருந்தால் விதையைக் குறை சொல்லியிருப்பார்கள். அல்லது சீதோஷ்ணம் என்பார்கள். நான் அப்படித்தான் சொன்னேன், ஆறுதலுக்காக. அவள் என்னை ஏதோ கெட்ட வார்த்தை சொன்னவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "வெதை நல்ல வெதை. முளைச்சு நின்னுச்சுல்லா? நட்டமா நின்ன பிள்ளையப் பெத்தவ தள்ளிவிட்டிருக்கா. என்னமோ கொறை வச்சுட்டேன்."

குறை வைத்ததாக நினைத்ததால், டிசம்பர் நடுவில் இன்னொரு முப்பதை எடுத்து, குறையே இல்லாமல் செய்தாள். இன்னும் கறுப்பான மண், இன்னும் மெத்தென்ற மூடாக்கு, சோலை ஊற்றிலிருந்து சுமந்து வந்த தண்ணீர். அந்த முப்பதும் முதல் கூட்டத்தைவிட வேகமாகப் போய்ச் சேர்ந்தன. பொங்கலுக்கு மறுநாள் தபாலாபீசுக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். கொண்டையில் குச்சி இல்லை. மேஜைமேலிருந்த பேனாவை என் பக்கம் நகர்த்தினாள். பிறகு, "ஒரு கடுதாசி எழுதுங்க ஐயா" என்றாள்.

அந்தக் கடிதம் எனக்கு வரி வரியாக ஞாபகம் இருக்கிறது. "தம்பி, நீ அனுப்பினதுல அறுவத நான் கொன்னுபோட்டேன். மிச்சம் முப்பத்தொண்ணு இருக்கு. அந்தச் செடி அங்கன எப்படி நிக்கின்னு பாத்து எழுது. யாரு தண்ணி ஊத்துதா, எந்த மண்ணு, எது நிழலு. ஒண்ணு விடாம எழுது. அக்கா கேக்கேன்." 'அக்கா கேக்கேன்' என்று சொன்னபோது குரல் கொஞ்சம் தாழ்ந்தது. அவள் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகியவள் இல்லை.

பதில் பிப்ரவரிக் கடைசியில் வந்தது. நான்தான் படித்தேன். "அன்புள்ள அக்காவுக்கு. நீ கேட்டபடி ஞாயிற்றுக்கிழமை ஏறிப்போய்ப் பார்த்தேன். யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. மழையும் இல்லை, குளிர்காலத்தில் பனி விழுந்து உருகினால் அவ்வளவுதான். மண் என்று ஒன்றும் கிடையாது. உடைந்த கல்லும் மணலும். பாறை வெடிப்பில் நிற்கிறது. நிழல் தர ஒரு மரமும் இல்லை. வெயிலும் காற்றும் தோலை உரிக்கிறது. இலையும் கிடையாது அக்கா, இருக்கிற குச்சியெல்லாம் பச்சை. நல்லது செய்ய யாருமே இல்லாத இடத்தில்தான் நன்றாக நிற்கிறது."

படித்து முடித்ததும் அவள், "மறுபடி வாசியுங்க" என்றாள். வாசித்தேன். "நல்லது செஞ்சே கொன்னிருக்கேன்" என்று சொல்லி, கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளோ என்று பார்த்தால், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் போடிமெட்டு முழுக்க ஒரே பேச்சு. போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற மொய்து ராவுத்தரிடம் சொல்லி, அரிசி ஏற்றி வருகிற லாரியில் ஆற்றுமணல் இரண்டு மூட்டை வரவழைத்துவிட்டாள். "ஏம்மா அன்னாளு, மலைக்குப் போயி மணலை ஏத்துறேன்னு என் டிரைவர் என்னை ஒரு மாதிரியாப் பாக்குறான்" என்று ராவுத்தர் அலுத்துக்கொண்டார். "மணல் பத்தாது ராவுத்தரய்யா, பழைய சொவத்துக் காரை இருக்கா, சுண்ணாம்போட?" என்று கேட்டாள் இவள். மலைப்பாதையில் நாலாவது வளைவில் ராவுத்தருக்கு ஒரு கொட்டகை உண்டு. ஏலக்காய்ப் பொதி சுமந்த கழுதைகள் இளைப்பாறிய இடம். லாரி வந்தபின் சும்மா கிடந்தது. அதில் இடிந்து விழுந்த ஒரு சுவரை அள்ளிக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

மணலும் காரையும் சல்லியும் கலந்து, அடியில் ஓட்டைபோட்ட பழைய மண்சட்டிகளில் நிரப்பினாள். இந்தத் தடவை இருபது விதை. லயத்தின் தகரக் கூரைமேல், எந்த நிழலும் விழாத இடத்தில், சட்டிகளை ஏற்றி வைத்தாள். மார்ச் மாதம். மழை இல்லை, மேகம் இல்லை. எட்டாம் நாள் பதினெட்டு முளைத்தன.

அதற்குப் பிறகு வந்ததுதான் கஷ்டம். அவள் செய்ய வேண்டிய ஒரே வேலை, ஒன்றும் செய்யாமல் இருப்பது. அது அவளுக்கு வரவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை, ஒரு கரண்டித் தண்ணீர் என்று தனக்குத்தானே சட்டம் போட்டுக்கொண்டாள். இரண்டாம் நாளே பூவாளியோடு ஏணியில் கால் வைத்துவிட்டாளாம். நாலாம் நாள் அந்தப் பூவாளியை என் மேஜைமேல் கொண்டுவந்து வைத்தாள்.

"இத உங்க பீரோவுல வச்சுப் பூட்டுங்க ஐயா."

"ஏல நாத்துக்கு என்ன செய்வே?"

"அதுக்குச் செம்பால தெளிச்சுக்கிடுதேன். இது கையில இருந்தா என் கை சும்மா கெடக்க மாட்டேங்கு."

இரண்டு மாதம் சர்க்கார் பீரோவில், முத்திரைகளுக்கும் மணியார்டர் பாரங்களுக்கும் பக்கத்தில், ஒரு தகரப் பூவாளி இருந்தது. தபால் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டார். கூரை ஒழுகுகிறது என்று சொல்லித் தப்பித்தேன். அதுவும் பொய் இல்லைதானே.

ஏழு செத்தன. பதினொன்று நின்றன. ஊசி முளைகளுக்கு நடுவிலிருந்து கணுக்கணுவாகத் தண்டு வந்தது; சவுக்கு ஊசி மாதிரி, ஆனால் தடித்து. இலை வரவில்லை. கபிரியேல் எழுதியிருந்தும், அவளுக்கு அது பொறுக்கவில்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு கணுக்கணுவாகத் தேடுவாள். "இலையில்லாத செடியப் பாத்தா, துணியில்லாத பிள்ளையப் பாத்த மாதிரி இருக்கு" என்பாள். யாக்கோபு வந்து பார்த்து நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். கூடவே எச்சரிக்கையும் செய்தார். "அன்னாளம்மா, இத ரசத்துல போடுத மல்லித்தழைன்னு நெனச்சிராதீங்க. அளவு தப்பினா நெஞ்சு படபடன்னு அடிச்சி ஆளையே தூக்கிரும். அதுமில்லாம மூணு வருசமாவது ஆகணும் இதுல மருந்து ஏற."

"மூணு வருசந்தான? ஏலம் காய்க்கவே மூணு வருசம்" என்றாள் அவள்.

ஆனால் ஜூனுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. மழை வந்தால் பதினொன்றும் அழுகும் என்று அவளுக்குத் தெரியும். கூரை போட்டு மூடினால் வெயில் கிடையாது. காற்றிலேயே ஈரம் வந்துவிடும். இரண்டு நாள் மலைமேல் அங்குமிங்கும் நடந்தாள். மூன்றாம் நாள் ராவுத்தரின் கழுதைக் கொட்டகை ஞாபகம் வந்தது. போடிமெட்டு உச்சியைத் தாண்டிக் கிழக்கே நாலு வளைவு இறங்கினால் அது வேறு உலகம். மேற்கே கொட்டுகிற மழை உச்சிவரை வந்து, அங்கேயே நின்றுவிடும். இந்தப் பக்கம் காற்று உண்டு, கல் உண்டு, காய்ந்த புல் உண்டு. ஜூலையிலும் வெயில் உண்டு. ராவுத்தர், "எத்தனை நாளைக்கு வேணும்னாலும் வச்சுக்க, கழுதையா கேக்கப்போகுது?" என்றார்.

சட்டிகளை இரண்டு கூடைகளில் அடுக்கி, ஒன்றைத் தலையிலும் ஒன்றை இடுப்பிலும் வைத்துக்கொண்டு செக்போஸ்டைக் கடந்தாள். மாநிலம் பிரிந்து ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. காவல்காரர்களுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். மலையாளத்துக்காரர் ஒருவர் கூடையை இறக்கச் சொன்னார்.

"இதெந்தா? கஞ்சாவோ?"

"கஞ்சாவுக்கு இலை உண்டும்லா? இதுல ஒரு இலையக் காட்டுங்க, கூடையோட இங்கனயே விட்டுட்டுப் போயிருதேன்."

அவர் குனிந்து பார்த்தார், இன்னொருவரைக் கூப்பிட்டார், அவரும் பார்த்தார். பதினொரு சட்டியிலும் தேடிவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். இலையில்லாத செடிமேல் அவளுக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அந்தச் சரிவில் ஆடு மேயும். யாராவது காவல் இருக்க வேண்டும். வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கிற ஆள் சிலுவைராஜ் ஒருவர்தான். "ஆட்ட வெரட்டவா என்னைக் கட்டினே?" என்று முறுக்கிக்கொண்டார். "பதினெட்டு வருசம் அடுப்புக்குக் காவல் இருந்தியள்ல, ரெண்டு மாசம் செடிக்கு இருங்க. எப்படியும் போடிக்குப் போகச் சொன்னா ஒத்துக்கிடவா போறிய?" என்றாள். ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு போர்வை, யாக்கோபு கொடுத்த மாத்திரைப் பாட்டில். அதில் முப்பது மாத்திரை. ஜூன் ஒன்றாம் தேதி அவரைக் கொட்டகையில் விட்டுவிட்டு, அவள் மேலே தவாரணைக்குத் திரும்பினாள். தினம் மதியம் சோறு எடுத்துக்கொண்டு இறங்குவாள். முதலில் சட்டிகளைப் பார்ப்பாள். பிறகுதான் புருஷனைப் பார்ப்பாள். சிலுவைராஜே என்னிடம் சொன்னார், "பதினொண்ணையும் எண்ணி முடிச்ச பொறவுதான் பன்னெண்டாவதா என்னை எண்ணுதா."

நாலாம் தேதி மேற்கே மழை பிடித்தது. அந்த வருஷத்து மழை கொஞ்சநஞ்சமல்ல. என் ஆபீசில் ஒழுக்கு ஏழாகிவிட்டது. ஜூலையில் மலைப்பாதையில் இரண்டு இடத்தில் மண் சரிந்து, பன்னிரண்டு நாள் லாரியும் பஸ்ஸும் இல்லை, கடிதமும் இல்லை, மாத்திரையும் இல்லை. முப்பது மாத்திரை எப்போதோ தீர்ந்திருக்கும் என்று யாக்கோபு தவித்துப்போனார். பாட்டிலில் எத்தனை மிச்சம் என்று கேட்டால் அன்னாளுக்குத் தெரியவில்லை, அவள் எண்ணியதெல்லாம் சட்டிகளைத்தான். பாதை திறந்து மருந்துப் பெட்டி வந்த அன்றே ஒரு புது பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டார். நானும் கூடப் போனேன். அன்னாள் சோற்றுத் தூக்கோடு முன்னால் நடந்தாள். உச்சியைத் தாண்டியதும் குடையை மடக்கினோம்.

மூன்றாவது வளைவில் கீழ்ச்சரிவிலிருந்து ஒரு ஆள் பாதைக்கு ஏறி வந்துகொண்டிருந்தார். தோளில் விறகுக் கட்டு. நடை நிற்கவில்லை. கிட்டே வந்தபிறகுதான் சிலுவைராஜ் என்று தெரிந்தது. "வாங்க ஐயா, வாங்க டாக்டரய்யா" என்று கூப்பிட்டுக்கொண்டே, எங்களுக்கு முன்னால் கொட்டகைக்கு இறங்கினார். யாக்கோபு அவர் முதுகையே பார்த்துக்கொண்டு போனார்.

கொட்டகைக்கு முன்னால் வெயிலில் பதினொரு சட்டியும் வரிசையாக நின்றன. செடிகள் ஒரு சாண் உயரத்துக்கு வந்திருந்தன. யாக்கோபு மாத்திரைப் பாட்டிலைக் கேட்டு வாங்கி, மூடியைத் திறந்து உள்ளங்கையில் கொட்டி எண்ணினார். இருபத்தாறு இருந்தது. சட்டையைக் கழற்றச் சொல்லி, குழாயை முதுகில் வைத்துக் கேட்டார்; இடம் மாற்றி மாற்றி வெகுநேரம் கேட்டார்.

"ராத்திரி எப்படித் தூங்குதீரு?"

"படுத்துத்தான்" என்றார் சிலுவைராஜ். அது எவ்வளவு பெரிய பதில் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். மழைக்காலத்தில் அவர் படுத்துத் தூங்கி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. "செடிக் காத்து பட்டாலே போதும் போலிருக்கு டாக்டரய்யா."

யாக்கோபு குழாயைச் சுருட்டிப் பையில் வைத்தார். "செடிக் காத்துமில்ல, ஒண்ணுமில்ல. அதுல இன்னும் மருந்தே ஏறல. இங்க ஈரமில்ல, பாசியில்ல, ஸ்டோர்ப் புகையில்ல. அந்தச் செடிய அங்க எது கொன்னுதோ அதுதான் இவரையும் கொன்னுக்கிட்டிருந்துது." பிறகு அன்னாளைப் பார்த்து, "இவரை மறுபடி மேல கூட்டிட்டுப் போகாதீங்க. போடிக்கும் அனுப்ப வேண்டாம். இங்கனயே இருக்கட்டும்" என்றார்.

அன்னாள் சோற்றுத் தூக்கை இன்னும் கீழே வைக்கவில்லை. செடிகளைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். அவள் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்று வந்தது. வெட்கமா, பயமா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"பதினோரு செடிக்கு மலை மலையா அலைஞ்சு எடம் பாத்தேன்" என்றாள் மெதுவாக. "இருவத்திரண்டு வருசத்துல இந்த மனுசனுக்கு ஒரு எடம் பாக்கணும்னு தோணலியே."

"ஏளா, நீ எனக்கும் தண்ணி ஊத்தித்தான பாத்தே" என்றார் சிலுவைராஜ். அவள் அப்போதும் சிரிக்கவில்லை.

தூக்கைக் கட்டில்மேல் வைத்தாள். சேலையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கொட்டகையின் முன்சுவர் மூலையில் போய் நின்று, அடிமேல் அடி வைத்துக் கிழக்கே பத்தடி அளந்தாள். அங்கிருந்து திரும்பி, குதிகாலை மண்ணில் அழுத்தி, வந்த வழியே ஒரு கோடு இழுத்தாள். எதிர்மூலைக்குப் போய் இன்னொரு கோடு. ஒரு அடுப்பும் இரண்டு பேர் படுக்கவும் இடம் கொள்கிற அகலம். மூன்றாவது கோடு பாதியிலேயே சட்டிகளில் போய் முட்டியது. மார்ச் மாதத்திலிருந்து வேறு யாரையும் தொட விடாத சட்டிகள். ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு குனிந்து, ஒவ்வொன்றாக இரண்டு கையாலும் தூக்கி, நாலு முழம் தள்ளிக் கல்லின்மேல் வைத்தாள். பதினோராவதையும் வைத்துவிட்டுத் திரும்பி வந்து, விட்ட இடத்தில் குதிகாலை ஊன்றி, கோட்டை மேலே இழுத்துக்கொண்டு போனாள்.